வெறும் நெற்றி

அத்தியாயம் 11

மூன்றாவது சீட்டும் சரிப்படவில்லை.

சுலோச்சனா அதைப் பழையபடி சுருட்டி, ரொட்டித் துண்டு போலச் செய்திருந்த அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் செருகினாள். வாக்குத்தத்தப் பெட்டி. காலை ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு வசனச் சீட்டு எடுப்பது அந்த வீட்டு வழக்கம். வந்த வசனம்தான் அன்றைக்கு ஆண்டவர் சொல்லும் வார்த்தை. எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. சபையின் பெண்கள் கூட்டத்தில் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான்.

முதல் சீட்டு, போக்கிடம் இல்லாதவரை வீட்டில் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இரண்டாவது, அடுத்தவர் பாரத்தைச் சுமக்கச் சொன்னது. மூன்றாவதை அவள் முழுசாகப் படிக்கவே இல்லை.

'ஆண்டவரே, நீங்களும் அவ பக்கம்தானா?'

நான்காவது சீட்டு, அவசரப்படாமல் பொறுமையாய்க் காத்திருக்கச் சொன்னது. அப்பாடா என்று அதை எடுத்துக்கொண்டு வாசல் அறைக்குப் போனாள்.

மாசிலாமணி அங்கே கதவின் அகலத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். அவளுடைய தையல் மெஷின் மூலைக்குப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் ஓர் இரும்புக் கட்டில்.

"ஏங்க, இன்னிக்கு எனக்குக் கிடைச்ச வார்த்தயப் பாருங்க. காத்திருன்னு சொல்றாரு. எதையும் இழுத்துப் போட்டுக்காதேன்னு அர்த்தம்."

அவர் சீட்டை வாங்கிப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"எத்தினியாவது சீட்டு சுலோ இது?"

அவளுக்குக் காது மடல் சுட்டது.

இத்தனையும் பாபுவின் போனோடு வந்த வினை. வரதய்யபாளையத்திலிருந்து பேசியிருந்தான். அவன் அத்தை பொன்னியம்மாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளை இனி வைத்துப் பார்த்துக்கொள்ள அவன் நைனா, அதாவது அப்பா, கங்கையாவால் ஆகாது.

பொன்னியம்மா, மாசிலாமணியின் முதல் மனைவி.

வாலிபத்தில் சித்தூருக்கு மாம்பழக் கூழ் கம்பெனி வேலைக்கு வந்த மாசிலாமணி, ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்தார். சேதி தெரிந்ததும் பொன்னியம்மாவின் அப்பா நாலு பேரோடு வந்து மகளைக் கூட்டிப்போனார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து அந்தக் கல்யாணத்தைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சபையில் பார்த்துக் கட்டி வைத்தவள்தான் சுலோச்சனா. முப்பது வருஷம் ஆகப்போகிறது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் இந்த வீட்டில் ஒலித்ததே கிடையாது. இப்போது காலை ஜெபத்தில் ஒரு முறை, ராத்திரி ஜெபத்தில் ஒரு முறை, அவர் வாயிலிருந்தே வருகிறது.

"அவளக் கூட்டினு வந்து வச்சுக்கணும்னு கர்த்தர் எங்கூடப் பேசுறாரு" என்று அவர் சொன்ன நாளிலிருந்து சுலோச்சனாவுக்குத் தூக்கம் போயிற்று.

"உங்க நெஞ்சப் பொளந்து தச்சிகீறாங்க" என்றாள் இப்போது. "ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாதுன்னு வேலூர் டாக்டர் சொன்னாரா இல்லியா? ஒரு பொம்பளயத் தூக்கி உக்கார வச்சு, கழுவி விட்டு... இதையா ஆண்டவர் உங்களச் செய்யச் சொல்வாரு? அவருக்கு உங்க மேல பாசம் இல்லியா?"

"கீது. அதான் சொல்றாரு."

"செத்துப் போன்னா?"

மாசிலாமணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"நான் பாடுபட்டுச் சாகப் போறேன்னு ஆண்டவர் சொன்னப்போ, வேணாம் சாமி, உனக்கு அப்படி வரவே கூடாதுன்னு ஒரு சீஷன் தனியா இட்டுனு போய்த் தடுத்தானே. அவனுக்கு அவர் மேல ஆசை இல்லாமலா தடுத்தான்? அவ்ளோ ஆசை. அவனுக்கு இன்னா பதில் கிடைச்சுது?"

"எனக்குத் தெரியும். பின்னால போ சாத்தானேன்னு திட்டினாரு. அத வச்சு நானே மூணு கூட்டத்துல பேசிகீறேன்."

"பேசினே சுலோ. நல்லாத்தான் பேசினே."

அவர் எழுந்தார். "அந்த நீலச் சட்டைய இஸ்திரி போட்டு வை. டிஸ்சார்ஜ் ஆனா போன் பண்றோம்னு ஆஸ்பத்திரில சொல்லிகீறாங்க."

நீலச் சட்டை. திருப்பதியில் இருக்கும் மகள் ரக்ஷிதா போன கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது. சித்தூர் சபைக்குக்கூட இரண்டு முறைதான் போட்டிருக்கிறார்.

அலமாரியில் புதுசாய் ஒரு தட்டும் டம்ளரும் இருந்தன. பக்கத்தில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய்.

"இது எதுக்கு?"

"அவளுக்குத் தேங்காயெண்ணெய் ஒத்துக்காது. தல கனக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டோடு குளிக்கப் போனார்.

தன் மாத்திரை எது, கண்ணாடி எங்கே என்று தினமும் அவளைக் கேட்கிற மனிதர். முப்பது வருஷம் கழித்து, எந்தத் தலைக்கு எந்த எண்ணெய் ஆகாது என்று நினைவு வைத்திருக்கிறார்!

அப்போதுதான் அவர் போன் அடித்தது.

"மாசிலாமணி சாரு வீடுதானே? பொன்னியம்மா பேஷன்ட், திருப்பதிலேந்து பேசுறோம். இன்னிக்கு டிஸ்சார்ஜ். சாயந்திரத்துக்குள்ள அவங்க மனுசங்க யாராவது வரணும்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் பாடிக்கொண்டே குளித்தார்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றாள் சுலோச்சனா. "ராங் நம்பர்."

வைத்தாள். வந்த நம்பரை அழித்தாள்.

'அவரக் காப்பாத்தத்தானே ஆண்டவரே? அவர் உசுருக்காகத்தானே?'

பதில் வருகிறதா என்று நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் நடத்தும் ஒரு சகோதரியை அவளுக்குத் தெரியும். மாசிலாமணி காதுக்குச் சேதி போகுமுன் பொன்னியம்மாவை அங்கே சேர்த்துவிட்டால் போதும். அவளுக்கும் ஒரு இடம் ஆயிற்று. இவருக்கும் பாரம் இல்லை.

"ரக்ஷிதாவ ஒரு எட்டு பாத்துட்டு வரேங்க. ஊறுகாய் கேட்டுனே கீறா."

"சாயந்திரம் நம்ம வீட்ல உபவாச ஜெபமாச்சே?"

"அதுக்குள்ள வந்துடுவேன்."

நீலச் சட்டையை இஸ்திரி போடாமலே பஸ் ஏறினாள்.

*

கூழ் கம்பெனிகளுக்கு வெளியே தோத்தாபுரி மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஜன்னல் வழியே வெயிலில் பழுத்த மாம்பழ வாசனை அடித்தது. சுலோச்சனா எதையும் பார்க்கவில்லை. ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னியம்மாவை அவள் நேரில் பார்த்ததில்லை. போட்டோவும் கிடையாது. கல்யாணமான புதிதில் மனசுக்குள் ஒரு முகம் வரைந்து வைத்தாள். மஞ்சள் பூசிய, பெரிய கண்ணுள்ள, இருபது வயசு முகம். சுலோச்சனாவுக்குத் தலை நரைத்தது, இடுப்பு பருத்தது, முழங்கால் தேய்ந்தது. அந்த முகத்துக்கு மட்டும் இன்றைக்கும் இருபது வயசுதான்.

முதியோர் இல்லத்தில் காரியம் சுலபமாகவே முடிந்தது. சாயந்திரம் வேன் அனுப்புவதாக அந்தச் சகோதரி சொன்னார். "நீங்க அவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் பெண் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள்.

"பொன்னியம்மாவுக்கா? அம்மய்யா, ஒருத்தராவது வந்தீங்களே. நீங்க அவங்க அக்காவா?"

"உறவெல்லாம் ஒண்ணும் இல்ல."

நர்ஸின் கண் அவள் நெற்றிக்கும் கழுத்துக்கும் போய்வந்தது. பொட்டில்லை, பூவில்லை, தோடில்லை, தாலியில்லை. நர்ஸ் குரலைத் தாழ்த்தி, "பாவம். உங்க வீட்டுக்காரர் போய் ரொம்ப நாளாச்சாம்மா?" என்றாள்.

சுலோச்சனாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது நெஞ்சில் ஊசி இறங்கியது. தாலிக்குப் பதில் வேதப்புத்தகம் மாற்றிக்கொண்ட கல்யாணம் அவளுடையது. நகை ஆசையை விட்டவள் என்று கூட்டங்களில் சாட்சி சொன்னவள். இத்தனை வருஷத்தில் வெறும் கழுத்து அவளை உறுத்தியதே இல்லை. இன்றைக்கு, இந்த வாசலில், உறுத்தியது.

"மூணாவது கட்டில்" என்று நர்ஸ் கை காட்டினாள்.

அங்கே இருபது வயசுக்காரி யாரும் இல்லை.

நாணல் குச்சி போல ஒரு கிழவி சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் லேசாய் இழுத்திருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. வெறும் நெற்றியின் நடுவில், காலமெல்லாம் பொட்டு வைத்து வைத்துக் கறுத்துப்போன ஒரு வட்டம்.

"ஜெபக்கார அக்காவா?" கிழவி முந்திக்கொண்டாள். "வா, குந்து. மெதுவா ஜெபம் பண்ணு. பக்கத்துக் கட்டில்காரி இப்பதான் கண் அசந்தா. போன வாரம் உங்காளு ஒருத்தர் வந்து போட்ட சத்தத்துல அவளுக்கு பிபி ஏறிப்போச்சு."

சுலோச்சனா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் உங்காளுதான். சித்தூரு."

'எங்க வீட்டுக்காரர்.'

"அவருக்கு அங்க குடும்பம் இருக்குமே?" என்றாள் சுலோச்சனா.

"கீறா ஒருத்தி. உன்ன மாதிரியே மொட்டை நெத்தி, மொட்டைக் கழுத்துன்னு கேள்வி. புருஷன் உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்துனு இருக்கும்போது எவளாவது அப்படி நிப்பாளா? உன்னச் சொல்லலக்கா, கோச்சுக்காத."

"உங்களுக்கும் அவருக்கும்தான் ஊர்ல பேசித் தீத்துட்டாங்களே."

"உனக்கு யாரு சொன்னது?"

"நர்ஸ்... நர்ஸு பொண்ணு."

கிழவி இடது கையால் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "ஊரு தீத்துச்சு. நான் தீக்கலியே."

சுலோச்சனா வார்டு ஜன்னலைப் பார்த்தாள். அவர் வாழ வேண்டும் என்று அவள் ஒரு நாள் விடாமல் முழங்காலில் நின்றிருக்கிறாள். இதே வருஷங்களில், இதே நாட்களில், இன்னொருத்தி காலையில் எழுந்து கண்ணாடி முன் நின்று, அதே மனிதர் பேரில் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்கே தெரியாமல்.

"இன்னிக்கு வருவாரு. என்ன இட்டுனு போவாரு" என்றாள் பொன்னியம்மா. "அந்த சித்தூர்க்காரி ஒத்துக்குவாளோ இல்லியோ. நானா இருந்தா ஒத்துக்க மாட்டேன். வெளக்குமாத்தத் தூக்குவேன்."

சிரித்தாள். சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது.

"அவ நல்லா ஆக்கிப் போடட்டும், அது போதும். கத்திரிக்காய் மட்டும் அவருக்கு ஆவாது. துன்னாருன்னா நாக்கு தடிச்சு, ராத்திரியெல்லாம் கழுத்தச் சொறிஞ்சுனே இருப்பாரு. இத்தினி வருஷத்துல அது தெரியாமலா இருப்பா?"



புதன்கிழமை தோறும் அவள் வீட்டில் கத்திரிக்காய்க் கொத்சு. அவருக்குப் பிடிக்கும் என்று அவளே முடிவு செய்து, நெய் விட்டுச் செய்வது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டுக் கேட்டுப் போடுவது. அன்றைக்கு ராத்திரி அவர் கழுத்தைச் சொறிவார். கொசு என்று நினைத்து, கொசுவத்திச் சுருள் டப்பா டப்பாவாக வாங்கி வைத்திருக்கிறாள்.

"அக்கா, ஒரு உபகாரம் பண்ணு. தலகாணிக்கு அடியில ஒரு டப்பா கீது பார்."

சின்னத் தகர டப்பா. திறந்தால் குங்குமம்.

"என் நெத்தியில வச்சு விடு. சோத்துக் கை வரல. பீச்சாங்கையில வச்சா கோணிக்குது. உங்காளுங்க இதத் தொட மாட்டீங்க, எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்குறேன். அவரு வர நேரத்துல வெறும் நெத்தியோட கெடக்கக் கூடாது."

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் சுலோச்சனா. அந்தக் கை ஒருநாளும் குங்குமத்தைத் தொட்டதில்லை. டப்பா உள்ளங்கையில் கனத்தது. சபைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தாள். உண்மையில் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது சபை இல்லை. 'என் புருஷனுக்காக நான் உனக்குப் பொட்டு வைக்கணுமா?' என்ற ஒரே கேள்விதான்.

"அம்மா!"

வார்டு வாசலில் ரக்ஷிதா. அவளுக்குப் பின்னால், படியேறிய மூச்சு இறைக்க, கசங்கிய நீலச் சட்டையில் மாசிலாமணி.

"என்னப் பாக்க வரேன்னு நைனாகிட்ட சொல்லிட்டு, போனயும் எடுக்காம இங்க இன்னாம்மா பண்ற? ஆஸ்பத்திரிலேந்து மறுபடி போன் பண்ணாங்க. நைனா தனியா டாக்ஸி புடிச்சு வந்துகீறாரு!"

மாசிலாமணி சுலோச்சனாவின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

பொன்னியம்மாவின் கண் அவர் மேல் ஒரு கணம் நின்றது. அங்கிருந்து சுலோச்சனாவின் நெற்றிக்கு வந்தது. கழுத்துக்கு இறங்கியது.

"ஓ. நீதானா அவ?"

"நான்தான்" என்றாள் சுலோச்சனா.

நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மனுசங்க வந்தாச்சா? நல்லது. நான் காலப் புடிச்சுக்கறேன். ஒருத்தர் இடுப்பக் கட்டிப் புடிச்சுத் தூக்குங்க."

மாசிலாமணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவருடைய கை அந்த இடுப்பை நோக்கிப் போவதை சுலோச்சனா பார்த்தாள்.

"தள்ளுங்க."

"சுலோ..."

"தொடாதீங்கன்றேன்!"

பக்கத்துக் கட்டில்காரி விழித்துக்கொண்டாள். வார்டே திரும்பியது.

"நெஞ்சு தச்ச மனுசன் நீங்க தூக்குவீங்களா? நான் எதுக்குக் கீறேன்? நான் தூக்குறேன்."

அவர் நெஞ்சுக்காகத்தான் சொன்னாளா, அந்த இடுப்புக்காகச் சொன்னாளா? ஆண்டவரே இறங்கி வந்து கேட்டாலும் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

குனிந்து இரண்டு கையையும் பொன்னியம்மாவின் முதுகுக்குக் கீழே கொடுத்தாள். இருவர் முகமும் நெருங்கின. கிழவி சொன்னது அவள் காதில் மட்டும் விழுந்தது.

"மொதல்ல நெத்தி."

சுலோச்சனா கையை உருவினாள். டப்பாவைத் திறந்தாள். மோதிர விரலைக் குங்குமத்தில் தொட்டு, அந்தக் கறுத்த வட்டத்தின் மேல் வைத்து அழுத்தினாள். தேவைக்குமேல் கொஞ்சம் அழுத்திவிட்டாள்.

"கோணலா வச்சியா?"

"நேராத்தான் கீது."

பிறகு தூக்கினாள். எதிர்பார்த்ததில் பாதி கனம்கூட இல்லை. முப்பது வருஷம் அவளை அழுத்தியது இவ்வளவுதானா!

கீழே வந்தபோது முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. "வேன் வேணாம் சிஸ்டர். ஆளு வந்துட்டாங்க" என்றாள்.

*

டாக்ஸியில் மாசிலாமணி முன்னால் உட்கார்ந்தார். அவரைப் பின் சீட்டுக்கு சுலோச்சனா விடவில்லை. மறுநாள் வருவதாகச் சொல்லி ரக்ஷிதா திருப்பதியிலேயே இறங்கிக்கொண்டாள். போகுமுன் அம்மாவின் காதில், "கலக்குறம்மா" என்றாள். அது பாராட்டா கேலியா என்று தெரியவில்லை.

ஊர் தாண்டியதும் பொன்னியம்மா தூங்கிவிட்டாள். தலை சரிந்து சுலோச்சனாவின் தோளில் விழுந்தது. ஒரு முறை நகர்த்தி வைத்தாள். மறுபடி விழுந்தது. விட்டுவிட்டாள்.

"காலைல யாரோ ஒரு அம்மா ராங் நம்பர்னு வச்சிட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார் மாசிலாமணி, ரோட்டைப் பார்த்தபடி.

"நான்தான்."

"தெரியும்."

சுலோச்சனா அவர் கழுத்தைப் பார்த்தாள்.

"கத்திரிக்காய் ஆவாதுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சட்டென்று திரும்பினார். தூங்குகிறவளைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார்.

"நீ அவ்ளோ ஆசையா வச்சே. அத எப்படி வேணாம்றது?"

"ஆசையா வச்சா? விஷத்தயும் துன்னுவீங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல?"

"சொன்னேனே சுலோச்சனா. இந்தப் பத்து நாளா சொல்லினே கீறேன். எனக்கு இன்னா வேணும்னு. நீதான் இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டுனே இருந்தே."

சுலோச்சனா தோளில் கிடந்த தலையை ஏந்திச் சரியாக வைத்தாள்.

"அந்த சீஷனுக்கு" என்றாள் கடைசியில். "பின்னால போன்னு ஆண்டவர் திட்டினப்போ ரொம்ப வலிச்சிருக்கும்ல?"

"வலிச்சிருக்கும். ஆனா விட்டுட்டுப் போய்டலியே. பின்னாலயேதான போனான்."

*

சித்தூரில் அவர்கள் தெருவுக்குள் டாக்ஸி நுழையும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. சுலோச்சனா அதை மறந்தே போயிருந்தாள். உபவாச ஜெபம்! எதிர்வீட்டில் சாவி வாங்கித் திறந்து, பெண்கள் கூட்டம் மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. எல்லாம் வெள்ளைச் சேலை. நடுவில் பாஸ்டர் எத்திராஜின் மனைவி, கொலு பொம்மை மாதிரி அசையாமல்.

சுலோச்சனா நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்ததும் பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. அத்தனை வெள்ளைக்கு நடுவில் அந்தச் சிவப்புப் பொட்டு விளக்கு மாதிரி எரிந்தது.

பாஸ்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "ஸ்தோத்திரம் சிஸ்டர்! புது ஆத்துமாவா? ஜெபத்துக்குக் கூட்டினு வந்தீங்களா?"

ஆமாம் என்றால் போதும். எல்லாரும் கை தட்டுவார்கள். ஒரு பாட்டுப் பாடுவார்கள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். காலையிலிருந்து யாரும் இல்லை, உறவில்லை, தெரிந்தவர் என்று மாற்றி மாற்றிச் சொல்லிய வாய்க்கு இன்னும் ஒரு பொய் பாரமா?

பின்னால் மாசிலாமணி நின்றார். அவர் அவளுக்காகப் பேசப் போவதில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"இவங்க பேரு பொன்னியம்மா" என்றாள் சுலோச்சனா. "எங்க வீட்டுக்காரரோட மொத சம்சாரம். இனிமே இங்கதான் இருப்பாங்க."



பாஸ்டரம்மா பொன்னியம்மாவின் நெற்றியை உற்றுப் பார்த்தாள். பொட்டு புதுசு. கலையவில்லை. பிறகு, மடங்கிக் கிடந்த அந்த வலது கையைப் பார்த்தாள்.

"கை வராதுபோல கீதே. அப்போ இத யாரு வச்சு விட்டது?"

சுலோச்சனாவின் மோதிர விரல் நுனி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். இப்போது கையை வெளியே எடுத்தாள்.

"நான்தான் வச்சேன். நாளைக்கும் வைக்கணும்."

பாஸ்டரம்மா மெதுவாகப் புத்தகத்தை மூடினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு ஆராதனைல நீங்கதான் சாட்சி சொல்றதா இருந்துச்சு சிஸ்டர். இனிமே அது எப்படின்னு... பாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

அவள் வாசல் தாண்டியதும் இன்னும் இருவர் எழுந்தார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முப்பது வருஷத்துச் சபை, முப்பது வருஷத்துப் பெயர், ஒரு விரல் நுனியில் நின்றது.

"சுலோச்சனா!" சக்கர நாற்காலியிலிருந்து அதிகாரமாய் ஒரு குரல். அந்த முழுப் பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது? அப்படியானால் டாக்ஸியில் அவள் தூங்கவே இல்லையா? "நாக்கு வறளுது. தண்ணி குடு."

மாசிலாமணி சமையலறைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"நீங்க உக்காருங்க" என்று அவரை அங்கேயே நிறுத்திவிட்டு, அலமாரியிலிருந்த அந்தப் புது டம்ளரை எடுக்க சுலோச்சனாவே உள்ளே போனாள்.